அம்மாவை அதிர்வு மேடையில் ஏற்றும் முன் யாரும் கேட்காத கேள்விகள்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு முதியோர் இல்லத்தில் தாயையோ தந்தையையோ வைத்துவிட்டு, வேலைக்கும் இல்லத்துக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், "இதில் ஏறி நின்றால் போதும், கால் பலமாகிவிடும்" என்று அதிர்வு மேடை என்ற, ஏறி நின்றால் தட்டு வேகமாக அதிரும் ஓர் இயந்திரத்தைக் காட்ட எவராவது வரலாம். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல எவரும் இருக்கவில்லை. எல்லாம் தெளிவானபோது எங்கள் குடும்பத்துக்கு மூன்று இலட்சம் ரூபாவுக்கு மேல் போயிருந்தது. அதைவிடப் பெரிய இழப்பு, அம்மா தானாக எழுந்து நடக்கக்கூடியவராக இருந்த பல மாதங்கள். 79 வயதில் அந்த மாதங்களைத் திருப்பிப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதை இன்று கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு கல்லடியில் கடற்கரைக்குக் கிட்ட இருந்தது. 2004 சுனாமியில் அது போனபின் வாவிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டோம். அப்பா இல்லை. அண்ணா சுவிஸில், தம்பி ரொறன்ரோவில். நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். காலையில் போனால் பின்னேர வகுப்பும் முடிந்துதான் வீடு. அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிறஷரும் நீண்ட காலமாக உண்டு. டெங்கு வந்து வைத்தியசாலையில் கிடந்து எழும்பிய பிறகு கால்களில் பழைய பிடிப்பு இல்லாமல் போயிற்று. நான் இல்லாத நேரத்தில் குளியலறையில் விழுந்து, நெடுநேரம் நிலத்திலேயே கிடந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை என்றாலும் அதற்குமேல் அவரைத் தனியே விட எனக்குத் துணிவு வரவில்லை. அவரே கேட்டுத்தான் அந்த இல்லத்துக்குப் போனார். பெற்ற தாயை இல்லத்தில் விட்டவள் என்று ஊரில் சிலர் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட ஒரு நாள் அம்மாவோடு வந்து இருந்ததில்லை.

இல்லம் நல்ல இல்லம். ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது, சுத்தமாக இருக்கும், சாப்பாடும் குறையில்லை. ஆனால் பராமரிப்பாளர்கள் மிகச் சிலர். குளிக்க வைப்பதும் மருந்து கொடுப்பதும் சாப்பாடு கொடுப்பதுமே அவர்களுக்குச் சரியாக இருக்கும். முதியவர்களைக் கைபிடித்து நடக்கவைக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. இந்த இடைவெளிக்குள்தான் அந்த இயந்திரம் வந்து புகுந்தது. விற்பனை செய்பவர்கள் இல்லத்தின் மண்டபத்தில் அதை வைத்துச் செய்து காட்டினார்கள். நிற்பதற்கு ஒரு தட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான்கள். பத்து நிமிடம் நின்றால் ஒரு மணி நேரம் நடந்ததற்குச் சமம் என்றார்கள். எலும்பு அடர்த்தி கூடும், சீனி இறங்கும், இரத்த ஓட்டம் சீராகும், விழுவது நின்றுவிடும் என்றார்கள். சீனியும் பிறஷரும் உள்ள 79 வயதுப் பெண்ணுக்கு இது பொருந்துமா என்று நான் நேரடியாகவே கேட்டேன். "அக்கா, வெளிநாட்டில் முதியோர் இல்லங்களிலேயே இதைத்தான் பாவிக்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் செய்யாது" என்பதுதான் பதில். தம்பிக்குப் படங்களும் காணொளியும் போயின. அம்மாவுக்கும் உதவும், மற்ற முதியவர்களுக்கும் புண்ணியமாக இருக்கும் என்று அவன் பணத்தை அனுப்பினான். ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபா.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முழு உடல் அதிர்வுப் பயிற்சி என்பது ஏமாற்றுக்காரர்கள் கற்பனை செய்த பொருள் அல்ல. தட்டு வேகமாக அதிரும்போது தசைகள் நொடிக்குப் பல முறை இழுபடுகின்றன. இழுபடும் தசை, நாம் நினைக்காமலே அனிச்சையாகச் சுருங்குகிறது. எழுந்து உடற்பயிற்சி செய்ய முடியாதவருக்கு அந்தச் சுருக்கம் ஒரு பயிற்சியாக அமையலாம் என்பதே இதன் அடிப்படை, அதை ஆராய்ந்தவர்களும் உண்டு. அம்மாவும் முதல் சில நாட்கள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். கால் சூடாகிறது, அரிப்பதுபோல் கொஞ்சம் கடிக்கிறது, ஆனால் இறங்கிய பின் பாரம் குறைந்ததுபோல இருக்கிறது என்றார். கால் கடிப்பது தோலில் இரத்த ஓட்டம் கூடுவதால் வரும் சாதாரண விளைவுதான்.

பிறகு ஒரு அதிகாலை இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. கட்டிலில் திரும்பிப் படுத்தபோது அறையே சுழன்றதாம், வாந்தி எடுத்தாராம், கட்டில் சட்டத்தைப் பிடித்த கையை விடமாட்டேன் என்கிறாராம். நான் போனபோது அம்மாவின் முகம் வெளிறியிருந்தது. "மகள், என்னை அசைக்காதே" என்று மட்டும் சொன்னார். பாரிசவாதம் என்றுதான் எல்லோரும் பயந்தோம். வைத்தியசாலையில் அனுமதித்தார்கள். ஈசிஜி, இரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். பாரிசவாதம் இல்லை. இரவில் வார்ட்டில் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்திருந்து, அம்மா புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் எழும்பி வாளியைப் பிடித்தேன். தம்பிக்கு அங்கே பகல், அவன் அழைப்பான். அண்ணா வேலை முடிந்து அழைப்பான். இருவருக்கும் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் தொலைபேசியை நிறுத்தி வைத்துவிட்டுப் படிக்கட்டில் இருந்து அழுதேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று விட்டபின் தொடங்கியது உண்மையான அலைச்சல். தலைச்சுற்று போகவில்லை. படுக்கும்போதும் எழும்பும்போதும் மேலே பார்க்கும்போதும் வந்தது. தனியார் இடங்களில் காசு கட்டி விசேட வைத்தியர்களைப் பார்த்தோம். ஒருவர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று கழுத்துப் பட்டி போடச் சொன்னார். இன்னொருவர் நரம்புப் பலவீனம் என்று விற்றமின் எழுதினார். தலைச்சுற்றையும் வாந்தியையும் அடக்கும் ப்ரோகுளோர்பெரசின் மாத்திரையும் சேர்ந்துகொண்டது. அது சில நாட்களுக்குக் கொடுக்கவேண்டிய மருந்து. முதியவர்களுக்கு நீண்ட காலம் கொடுத்தால் தூக்கமும் உடல் இறுக்கமும் நடுக்கமும் வரலாம் என்பதும், சமநிலையை மூளை மீண்டும் பழகிக்கொள்வதை அது தாமதமாக்கும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அம்மா பகலெல்லாம் தூங்கினார். தூங்கினால் நடை இல்லை, நடை இல்லாவிட்டால் கால் இன்னும் தளர்கிறது. கால் தளர்கிறது என்பதைக் கண்ட பராமரிப்பாளர்கள் நல்லெண்ணத்தோடு அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய், முன்னைவிடக் கூடுதல் நேரம் அதே மேடையில் நிறுத்தினார்கள்.

பிறகு கொழும்பு. ரயிலில் அம்மாவால் இருக்க முடியாது என்பதால் வான் பிடித்தோம். அந்தத் தூரத்தை அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டே கடந்தார். வானுக்கும் தங்குவதற்கும் எழுபதாயிரத்துக்குக் கிட்ட, எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல், வைத்தியர் கட்டணமும் மருந்தும் வேறு. மூளையில் வயதுக்குரிய மாற்றம் மட்டும்தான் என்று அறிக்கை வந்தது. சம்பளமற்ற லீவு எடுத்திருந்தேன். சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாரான பிள்ளைகளை இடையில் விட்டுவிட்டுப் போன வருத்தம் தனி.

விடை கிடைத்தது எங்கள் மாவட்டத்து அரச வைத்தியசாலை ஒன்றின் காது மூக்கு தொண்டை கிளினிக்கில். ஒரு சதமும் செலவில்லை. வரிசையில் நெடுநேரம் காத்திருந்தோம், அவ்வளவுதான். அங்கிருந்த இளம் வைத்தியர் ஸ்கேன் படங்களைத் திறப்பதற்கு முன் அம்மாவிடம் கேள்வி கேட்டார். சுற்று எவ்வளவு நேரம் நிற்கிறது, வினாடியா மணித்தியாலமா? எந்தப் பக்கம் திரும்பினால் வருகிறது? அசையாமல் இருந்தால் நின்றுவிடுகிறதா? பிறகு அம்மாவைக் கட்டிலில் இருத்தி, தலையை ஒரு பக்கம் திருப்பியபடி வேகமாகச் சாய்த்துப் படுக்கவைத்துக் கண்களைப் பார்த்தார். அம்மாவின் கண்மணிகள் தாமாகத் துடித்துச் சுழல்வதை நானும் பார்த்தேன். சில வினாடிகளில் அடங்கிவிட்டது. "நிலை மாறும்போது வரும் தலைச்சுற்று, காதுக்குள்ளே இருந்து வருகிறது" என்றார்.

உட்காதில் மிகச் சிறிய கல்சியம் காபனேற்றுப் பளிங்குகள் இருக்கின்றன, சிப்பி ஓட்டில் இருக்கும் அதே சேர்வை. உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உணர அவை உதவுகின்றன. அவை இருக்கவேண்டிய இடத்திலிருந்து கழன்று அரைவட்டக் குழாய்களுக்குள் போய்விட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் உலகம் சுழல்வதாக மூளைக்குப் பிழையான செய்தி போகிறது. உட்காதின் இந்தப் படத்தை நான் வகுப்பில் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஸ்கேனில் இது தெரியாது. மருத்துவம் என்பது தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் திருப்பி அந்தப் பளிங்குகளை வெளியே கொண்டுவருவதுதான். எப்லி என்ற அமெரிக்க வைத்தியர் உருவாக்கிய முறை. சில நிமிடங்கள்தான் எடுத்தது. அன்று இரவு அம்மா பல வாரங்களுக்குப் பிறகு வலப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அந்த வைத்தியர்தான், அண்மையில் தலை அடிபட்டதா, புதிதாக ஏதாவது உடற்பயிற்சி தொடங்கினாரா என்று முதன்முதலில் கேட்டவர். நான் மேடையைப் பற்றிச் சொன்னேன். அதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. இந்த வயதில், அதிலும் நீண்ட நாள் படுக்கையில் இருந்தவர்களுக்கு, இது தானாகவும் வரும் என்றார். ஆனால் அதிர்வு மேடையைப் பாவித்தபின் இதே தலைச்சுற்று வந்தது பற்றி 2010 இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் பதிவு இருப்பதைப் பிறகு நானே தேடி வாசித்தேன். எது எப்படியோ, இனி அதில் ஏற்றவேண்டாம் என்று கிளினிக் கொப்பியில் எழுதித் தந்தார். புதிதாக என்ன தொடங்கினார் என்பது, அவருக்கு முன் பார்த்த வைத்தியர்களில் எவரும் கேட்காத கேள்வி. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள்: முதியவருக்குப் புதிதாக ஏதாவது வந்தால், அதற்கு முந்திய சில வாரங்களில் புதிதாகத் தொடங்கிய மருந்து, எண்ணெய், கஷாயம், இயந்திரம், பயிற்சி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. தலைச்சுற்றோடு பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கையோ காலோ சோர்ந்தால், பொருள்கள் இரண்டாகத் தெரிந்தால், கடுமையான தலையிடி வந்தால், அது காதுதான் என்று நீங்களே முடிவெடுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எப்லி முறையையும் காணொளியைப் பார்த்து வீட்டில் செய்யாதீர்கள். கழுத்தில் பிரச்சினை உள்ளவருக்கு அது ஆபத்தாகலாம், எந்தக் காது என்று தெரியாமல் செய்தால் பயனும் இல்லை.

அம்மா கொஞ்சம் தேறியபின் எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். முதியோர் இல்லங்களில் இதைப் பாவிக்கிறார்கள் என்று விற்றவர்கள் சொன்னது பொய்யல்ல, ஆனால் பாதிக் கதை. 2005 இல் பெல்ஜியத்தில் முதியோர் இல்லவாசிகள் 42 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆறு வாரம், வாரத்தில் மூன்று நாள். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் என்று நான்கு தடவைதான் அதிர்வு. அதிர்வு பெற்றவர்களின் நடையும் சமநிலையும் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறின. ஆனால் அவர்கள் எல்லோரும் அதே நேரத்தில் இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) சாதாரணப் பயிற்சியும் செய்தார்கள். அதே நாட்டில் 2014 இல் வெளியான இன்னோர் ஆய்வில் 62 இல்லவாசிகள் பங்குபற்றினார்கள், அவர்களில் ஒரு பகுதியினர் ஆறு மாதம் தொடர்ந்து மேடையில் நின்றார்கள். ஒரு தடவைக்கு 15 வினாடி, அப்படி ஐந்து தடவை. விழும் அபாயத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் வரவில்லை. பார்சிலோனாவில் 159 இல்லவாசிகளை வைத்துச் செய்து 2015 இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் நின்று பயிற்சி செய்தவர்களும் மேடை இல்லாமல் அதே பயிற்சிகளைச் செய்தவர்களும் ஒரே அளவில்தான் இருந்தார்கள். எலும்பு அடர்த்தி கூடுமா என்று பொஸ்டன் பகுதியில் 174 முதியவர்களை வைத்து, தினமும் பத்து நிமிடம் என்று இரண்டு வருடம் நடத்திய ஆய்விலும் பலன் தெரியவில்லை. நல்ல பக்கமும் உண்டு. ஹொங்கொங்கில் வீடுகளில் வாழும் 710 முதிய பெண்களிடம் 18 மாதம் நடந்த ஆய்வில் விழுந்தவர்கள் குறைந்தார்கள்: பாவிக்காதவர்களில் 28.7 சதவீதம், பாவித்தவர்களில் 18.6 சதவீதம். ஆனால் அது மிக மென்மையான அதிர்வு, அந்தப் பெண்களும் தாமாக நடமாடக்கூடியவர்கள்.

இந்த "மென்மை" என்ன என்பதுதான் யாரும் விளக்காத விடயம். விற்பவர்கள் வேகத்தை 1 முதல் 99 வரை என்று எண்ணில் காட்டுவார்கள், அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. கேட்கவேண்டியவை இரண்டு: நொடிக்கு எத்தனை அதிர்வு, அதாவது எத்தனை ஹேர்ட்ஸ்? தட்டு எத்தனை மில்லிமீற்றர் ஏறி இறங்குகிறது? இரண்டும் தெரிந்தால் உடலில் விழும் ஆர்முடுகலை, அதாவது வேகம் எவ்வளவு சடுதியாக மாறுகிறது என்பதைக் கணிக்கலாம், உயர்தர வகுப்புப் பிள்ளைகளே செய்யக்கூடிய கணக்கு. அதிர்வெண் இரண்டு மடங்கானால் ஆர்முடுகல் நான்கு மடங்காகும். நடுநிலையிலிருந்து 2 மில்லிமீற்றர் அசையும் தட்டு 12 ஹேர்ட்ஸில் அதிர்ந்தால் ஆர்முடுகலின் உச்சம் புவியீர்ப்பை விடச் சற்றுக் கூட. அதே தட்டு 30 ஹேர்ட்ஸில் அதிர்ந்தால் புவியீர்ப்பைப்போல் ஏழு மடங்கு. பொஸ்டன், ஹொங்கொங் ஆய்வுகளில் பாவித்தது புவியீர்ப்பில் 0.3 பங்குதான். அங்கே தட்டின் அசைவு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, கண்ணுக்கே தெரியாது. எங்கள் இல்லத்தில் வைத்திருந்த மேடையில் நின்றால் கன்னமே நடுங்கும். ஹொங்கொங் ஆய்வில் விழுவதைக் குறைத்தது ஒன்று, எங்களுக்கு விற்றது முற்றிலும் வேறொன்று.

நிற்கும் விதமும் முக்கியம். முழங்காலைச் சற்று மடித்து நின்றால் அதிர்வின் பெரும்பகுதியைக் காலும் தொடையும் வாங்கிக்கொள்ளும். முழங்காலை நேராகப் பூட்டி நின்றால் அது முதுகெலும்பு வழியாகத் தலைவரை போகும். அம்மா போன்ற தளர்ந்த முதியவரால் முழங்காலை மடித்து நிற்க முடியாது. பயத்தில் காலை விறைத்துக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். யாருக்கு அதிகம் உதவும் என்று சொல்லி விற்கிறார்களோ, அவரால்தான் அதைச் சரியாகப் பாவிக்க இயலாது. பக்கத்தில் நின்று முழங்காலைத் திருத்தவும், முகத்தைப் பார்த்து நிறுத்தவும் பயிற்சி பெற்ற ஓர் ஆள் வேண்டும். எங்களுக்கு வந்தது தட்டு மட்டும்.

அந்த வாரமே இல்லத்து மேட்ரனிடம் பேசினேன். அவர் மறுப்புச் சொல்லாமல் எல்லோருடைய கிளினிக் கொப்பிகளையும் மேசையில் எடுத்து வைத்தார். இருவருமாக இருந்து புரட்டினோம், எனக்குக் கை நடுங்கியது. மேடையில் ஏறிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர். ஒருவருக்கு இடுப்பு முறிந்து உலோகத் தகடு வைத்திருந்தது. ஒருவருக்குக் கண்புரை சத்திரசிகிச்சை செய்து அதிக காலம் ஆகவில்லை. இவற்றில் எதையும் விற்றவர்கள் கேட்கவில்லை. கண்ணில் வைத்த வில்லை அதிர்வுப் பயிற்சிக்குப் பின் இடம் பெயர்ந்தது பற்றிக் கண் மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. காலில் இரத்தக் கட்டி, அண்மைய எலும்பு முறிவு, முள்ளந்தண்டு நசிவு, விழித்திரைக் கழற்சி, வலிப்பு, சிறுநீரகக் கல்லு அல்லது பித்தக் கல்லு, சீனியால் உணர்ச்சி குறைந்த பாதம் அல்லது ஆறாத புண், ஏற்கெனவே தலைச்சுற்று, இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் மேடைக்குக் கிட்டவே விடவேண்டாம். ஒரு முதியோர் இல்லத்தில் இந்தப் பட்டியலுக்கு வெளியே எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். எங்கள் இல்லத்தில் மிகச் சிலர்தான் மிஞ்சினார்கள். அவர்கள் ஏற்கெனவே வெளி முற்றத்தில் நன்றாக நடப்பவர்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். துண்டுப் பிரசுரத்தில் எலும்புத் தேய்வு, சீனி, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் நிவாரணம் என்று அச்சிட்டிருந்தார்கள். பற்றுச்சீட்டிலோ "உடற்பயிற்சிக் கருவி" என்று மட்டும் எழுதியிருந்தது, மேலே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது". நோய்க்கு என்று ஒரு சாதனத்தை விற்பவர்களிடம், தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் அது பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் மருத்துவச் சாதனங்களுக்கும் பொருந்தும். வாயால் சொன்ன பலன்களைப் பற்றுச்சீட்டிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே போதுமான பதில். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் எழுத்து மூல முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். நாங்கள் வைத்தியசாலைகளில் அலைந்துகொண்டிருந்தபோதே அந்தக் காலம் முடிந்துவிட்டது. கடைசியில் ஓர் உடற்பயிற்சி நிலையம் அறுபதாயிரத்துக்கு வாங்கிக்கொண்டது.

தம்பியிடம் இதைச் சொல்வது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. குளிரில் இரண்டு வேலை செய்து சேர்த்து அனுப்பிய காசு. அவன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, இப்போது என்ன வேண்டும் என்று நீயே சொல்லு" என்றான். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கும் சொல்கிறேன்: பொருளாக அனுப்பும் முன், அங்கே தினமும் அம்மாவைப் பார்ப்பவரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது ஓர் ஆள். அந்த அறுபதாயிரத்தோடு தம்பி மாதம் அனுப்பும் சிறு தொகையையும் சேர்த்து, வாரத்தில் சில பின்னேரங்கள் வந்து முதியவர்களோடு நின்று பயிற்சி செய்விக்க, பக்கத்து ஊரில் ஒரு பெண்ணை ஒழுங்கு செய்தோம். அரச வைத்தியசாலையின் இயன்மருத்துவர் ஒருவர் என்ன செய்யவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தார்.

பயிற்சிகள் மிக எளியவை. கைப்பிடி உள்ள உறுதியான கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருத்தல், முடியாவிட்டால் முதலில் கையை ஊன்றி. மேசை விளிம்பைப் பிடித்துக் குதிக்காலை உயர்த்துதல். காலைப் பக்கவாட்டில் தூக்குதல். ஒரு பாதத்துக்கு முன் மற்றதை வைத்து நிற்றல். கணுக்காலில் சிறு பாரம் கட்டி முழங்காலை நீட்டுதல். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட பயிற்சிகளை ஒரு திட்டமாக வகுத்து, வீடுகளில் வாழும் முதியவர்களிடம் சோதித்தபோது விழுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கதிரையிலிருந்து எழும்பி, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து அமர எத்தனை வினாடி என்று மாதம் ஒரு முறை கைபேசியில் பார்க்கிறோம். 12 வினாடிக்கு மேல் எடுத்தால் விழும் அபாயம் உண்டு என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அம்மா தொடக்கத்தில் அதைப்போல் மூன்று மடங்கு எடுத்தார். இப்போது இருபதுக்குச் சற்று மேலே நிற்கிறது, டெங்குக்கு முந்திய நடை இன்னும் வரவில்லை.

குளியலறையில் கைபிடிக்கும் கம்பி பொருத்தினோம். வழுக்கும் இறப்பர் செருப்புக்குப் பதிலாகக் குதிக்காலில் பட்டி உள்ள செருப்பு வாங்கினோம். கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை இரவில் எரியும் சிறு விளக்கு வைத்தோம். தூக்கம் தரும் மருந்துகளைக் கிளினிக்கில் கேட்டுக் குறைத்தோம். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆன செலவு எம்.ஆர்.ஐ. கட்டணத்தைவிடக் குறைவு.

அந்தத் தலைச்சுற்று திரும்பவும் வரலாம் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார், வந்தது. இந்த முறை மேட்ரனே கேள்விகளைக் கேட்டு எழுதி வைத்துவிட்டார்: எந்தப் பக்கம், எத்தனை வினாடி, பேச்சு சரியாக இருக்கிறதா, கை கால் சரியா. அந்தத் தாளோடு அடுத்த கிளினிக் நாளில் போனோம். ஓட்டோவில் போய், மதியச் சாப்பாட்டுக்கு முன் இல்லத்துக்குத் திரும்பிவிட்டோம். கேள்விகள் எழுதிய அந்தத் தாளின் பிரதியும், மேடையில் ஏறக்கூடாதவர்களின் பட்டியலும் இப்போது இல்லத்தின் மருந்து அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கின்றன. உங்கள் இல்லத்தில் ஏற்கெனவே ஓர் அதிர்வு மேடை இருந்தால், மேலே சொன்ன பட்டியலைக் கையால் எழுதிக் கொண்டுபோய் மேட்ரனிடம் கொடுங்கள். கிளினிக் கொப்பிகளை அவரோடு இருந்து புரட்ட ஒரு பின்னேரம் போதும்.